ஓட்டையே இல்லாத லைட்: வயர்லெஸ் சார்ஜ் காயிலைக் கணினியில் வரைந்து, கையால் சுற்றி, கடலுக்கு அனுப்புவது வரை

பாம்பனில் படகுச் சாமான் பழுது பார்க்கிற எவன் மேசையிலும் ஒரு பச்சை நிறம் கிடக்கும். டார்ச்சின் சார்ஜ் ஓட்டைக்குள் பூத்த களிம்பு. ஊருக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். கச்சான் அடித்தாலும் உப்பு, வாடை அடித்தாலும் உப்பு. பின்னைச் சுரண்டிச் சுத்தம் செய்து கொடுத்தால் மூன்று மாதம் ஓடும், அப்புறம் அதே டார்ச் அதே களிம்போடு திரும்ப வரும்.

நண்டு வலைக்குப் போகிற அண்ணன் ஒருவர் ஒருநாள் தலையில் மாட்டும் லைட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது மூணாவது லைட்டு. வெளிச்சம் கம்மியா இருந்தாலும் பரவால்ல, ஓட்டையே இல்லாம ஒண்ணு செஞ்சு குடு."

ஓட்டை இல்லாமல் சார்ஜ் ஏற வேண்டுமென்றால் கம்பியில்லாமல் ஏற வேண்டும். அதற்கு இரண்டு காயில், அதாவது கம்பிச் சுருள், வேண்டும், ஒன்று சார்ஜர் பலகையில், ஒன்று லைட்டுக்குள். வாங்கிப் பார்த்த ரெடிமேட் காயில் எதுவும் அந்த உறைக்குள் உட்காரவில்லை, சரி, நாமே சுற்றுவோம் என்று இறங்கினேன். முதல் தடவை சுற்றியது மேசையில் அற்புதமாக வேலை செய்து, லைட்டுக்குள் போனதும் செத்துப் போனது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன், இந்த வழிகாட்டியே அந்த ஒரு தப்பைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது. காயிலைத் தனியாக வரையாதீர்கள், அது உட்காரப் போகிற இடத்தோடு சேர்த்து வரையுங்கள்.

தேவையான மென்பொருள் எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை. கணக்குப் போட ஏதாவது ஒரு ஸ்ப்ரெட்ஷீட், காந்தப்புலம் பார்க்க ஃபெம் 4.2, சர்க்யூட் ஓட்டிப் பார்க்க எல்டிஸ்பைஸ், சுற்றும் அச்சை வரைய ஓப்பன்ஸ்கேட் அல்லது ஃப்ரீகேட். ஃபெம் விண்டோஸுக்கானது, லினக்ஸ் வைத்திருப்பவர்கள் வைன் போட்டு ஓட்டிக்கொள்ளலாம். லட்சக்கணக்கில் விலை சொல்கிற மென்பொருள்களும் உண்டு, உள்ளங்கை அகலக் காயிலுக்கு அவை தேவையில்லை.

முதலில் பேப்பர்

கணினியைத் திறப்பதற்கு முன் நான்கு விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள்: எவ்வளவு இடம் இருக்கிறது, எந்த அதிர்வெண்ணில் ஓட்டப் போகிறீர்கள், எவ்வளவு பவர் வேண்டும், இரண்டு காயிலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி. என் லைட்டில் 40 மி.மீ. விட்டத்துக்கு மேல் இடமில்லை. உறையின் பிளாஸ்டிக், பலகையின் பிளாஸ்டிக், பசை எல்லாம் சேர்ந்து இடைவெளி 6 மி.மீ. பவர் ஒன்றிலிருந்து மூன்று வாட் போதும், ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறினால் யார் கேட்கப் போகிறார்கள். அதிர்வெண் 100 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டேன். செல்போனை வயர்லெஸ்ஸாகச் சார்ஜ் செய்யும் சீ (Qi) தரநிலையும் பெரும்பாலும் 100இலிருந்து 200 கிலோஹெர்ட்ஸ் வரைதான் ஓடுகிறது, அதனால் கெப்பாசிட்டர், ஃபெரைட் (காந்தக் கோடுகளைத் தன் வழியே இழுத்துக்கொள்ளும் பீங்கான் மாதிரியான பொருள்) எல்லாம் சுலபமாகக் கிடைக்கும்.

அடுத்து கம்பி. அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் தோலை ஒட்டியே ஓடும். செம்பில் 100 கிலோஹெர்ட்ஸுக்கு அந்தத் தோலின் ஆழம் சுமார் 0.21 மி.மீ. கம்பியின் ஆரம் இதற்குப் பக்கத்தில் இருந்தால் செம்பு வீணாகாது. 26ஆம் கேஜ் எனாமல் கம்பியின் விட்டம் 0.457 மி.மீ., ஆரம் 0.23, பொருத்தம். மோட்டார் வைண்டிங் கடையில் இந்தக் கேஜ் கம்பி எப்போதும் இருக்கும், மீதிக் கம்பியைக் கிராம் கணக்கில் தருவார்கள். தலைமுடி மாதிரி மெல்லிய இழைகளை முறுக்கிய லிட்ஸ் கம்பி கிடைத்தால் இன்னும் நல்லது. நான் அதற்காகக் காத்திருக்கவில்லை.

இப்போது இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் ஓடும்போது காயில் எவ்வளவு காந்தப்புலத்தைத் தேக்கும் என்பதன் அளவு. தட்டையான வட்டச் சுருளுக்கு ஹரால்ட் வீலர் 1928இல் கொடுத்த சூத்திரம் இன்றைக்கும் போதுமான அளவு சரியாக வருகிறது. அவர் அங்குலத்தில் கொடுத்தார், மில்லிமீட்டருக்கு மாற்றினால் இப்படி:

இண்டக்டன்ஸ் (மைக்ரோ ஹென்றி) = ஆ² × சு² ÷ (25.4 × (8ஆ + 11அ))

இதில் ஆ என்பது சுருளின் சராசரி ஆரம், அ என்பது உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரையுள்ள அகலம், சு என்பது சுற்றுகளின் எண்ணிக்கை. என் காயிலில் உள் ஆரம் 10, வெளி ஆரம் 20, அதனால் ஆ = 15, அ = 10. எனாமலோடு சேர்த்துக் கம்பி அரை மி.மீ. தடிமன், ஆக 10 மி.மீ. அகலத்தில் 20 சுற்று உட்காரும். மேலே 225 × 400, கீழே 25.4 × 230. விடை 15.4 மைக்ரோ ஹென்றி.

கம்பி நீளம் 2 × 3.14 × 15 × 20, அதாவது ஏறத்தாழ 1.9 மீட்டர். அந்த நீளத்துக்கு மின்தடை 0.2 ஓம். இதையெல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு சுற்று, ஆரம், கேஜ் மூன்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஃபெம் தருகிற விடை இந்தக் கைக்கணக்கிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் ஃபெம்மைச் சந்தேகப்படாதீர்கள், நீங்கள் வரைந்ததில்தான் கோளாறு. எனக்கு ஒருமுறை ஆயிரம் மடங்கு வித்தியாசம் வந்தது. அளவு மில்லிமீட்டரா மீட்டரா என்று பார்க்காமல் விட்டிருந்தேன்.

ஃபெம்மில் வரைவது

ஃபெம் முப்பரிமாண மென்பொருள் அல்ல. அச்சைச் சுற்றிச் சமச்சீராக இருக்கும் பொருளின் பாதி வெட்டுமுகத்தை மட்டும் வரைந்து கொடுத்தால் மீதியை அது சுழற்றிக் கணக்கிடும். தேங்காயைப் பிளந்து ஒரு மூடியின் ஓரத்தை மட்டும் பார்ப்பது போல. சுருளின் ஒவ்வொரு சுற்றும் அதற்குத் தனித்தனி வளையம்தான். நெருக்கமாகச் சுற்றிய காயிலுக்கு இதனால் பெரிய பிழை வராது.

புதிய கோப்பு திறக்கும்போது மேக்னெடிக்ஸ் பிராப்ளம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிராப்ளம் மெனுவுக்குப் போய் ஆக்ஸிசிமெட்ரிக், மில்லிமீட்டர், அதிர்வெண் கட்டத்தில் 100000. அதிர்வெண்ணைச் சுழியமாக விட்டுவிட்டால் நேர்மின்னோட்டத்துக்கான விடைதான் வரும், தோல் விளைவு எதுவும் தெரியாது.

முதல் சுற்றின் வெட்டுமுகம் ஒரு சின்ன வட்டம். மையம் அச்சிலிருந்து 10.25 மி.மீ. தள்ளி. புள்ளி வைக்கும் நிலையில் டேப் கீயைத் தட்டினால் எண்ணாகவே கொடுக்கலாம், சுட்டியால் குத்திக் குத்தித் தேட வேண்டாம். 10.0215இல் ஒரு புள்ளி, 10.4785இல் ஒரு புள்ளி, இரண்டையும் 180 பாகை வில் இரண்டால் சேர்த்தால் வட்டம். அதற்குள் ஒரு பிளாக் லேபிள். அதில் வலது பொத்தானால் தொட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பண்புகள் திறக்கும். பொருள் செம்பு என்று நூலகத்திலிருந்து எடுத்து வையுங்கள். சர்க்யூட் என்று ஒன்றை முன்கூட்டியே உருவாக்கி, சீரிஸ் வகை, 1 ஆம்பியர் என்று கொடுத்து, அதை இந்த லேபிளுக்குச் சேருங்கள். சுற்று எண்ணிக்கை 1. மெஷ் (கணக்குக்காக ஃபெம் இடத்தைப் பிரிக்கும் சின்னச் சின்ன முக்கோணங்கள்) அளவு 0.05, தோல் ஆழத்தில் நாலில் ஒரு பங்கு. மெஷ் இதைவிடப் பெரிதாக இருந்தால் கம்பிக்குள் மின்னோட்டம் எப்படி ஒதுங்குகிறது என்பது கணக்கில் வராது, ஏசி மின்தடையும் குறைவாகக் காட்டும்.

இப்போது அந்த வட்டத்தை லேபிளோடு தேர்ந்தெடுத்து, எடிட் மெனுவில் காப்பி கொடுத்து, பக்கவாட்டில் 0.5 மி.மீ. தள்ளி 19 பிரதி. இருபது வளையமும் சர்க்யூட்டோடு வந்து நிற்கும். லேபிள் வைத்த பிறகுதான் பிரதி எடுக்க வேண்டும். முதலில் வட்டங்களை மட்டும் பிரதி எடுத்துவிட்டு இருபது லேபிளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு உண்டு.

வெளியே காற்று, அதற்கு வெளியே எல்லை. ஓப்பன் பவுண்டரி உருவாக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது, காயிலைப் போல ஐந்தாறு மடங்கு ஆரம் கொடுங்கள், 120 மி.மீ. போதும். வெளியில் புலம் எல்லையின்றிப் பரவுவதை அது பாவனை செய்யும். காற்றுக்கு லேபிள் வைத்து, மெஷ் போட்டு, அனலைஸ், பிறகு விடைப் படம்.

விடைப் பக்கத்தில் சர்க்யூட் பண்புகளைத் திறந்தால் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்த ஒரு எண் இரண்டு பகுதியாக வரும். முதல் பகுதி மின்தடை. இரண்டாவது பகுதியை 628300ஆல் வகுத்தால் இண்டக்டன்ஸ். என் காயிலுக்கு இண்டக்டன்ஸ் கைக்கணக்கை ஒட்டியே வந்தது. மின்தடைதான் 0.2இலிருந்து 0.3க்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. அந்தக் கூடுதல், பக்கத்துக் கம்பிகளின் புலம் ஒன்றை ஒன்று தள்ளுவதால் வருவது. மின்னோட்ட அடர்த்தியை நிறத்தில் போட்டுப் பாருங்கள், உள் விளிம்புச் சுற்றிலும் வெளி விளிம்புச் சுற்றிலும் கம்பியின் ஒரு பக்கம் மட்டும் கொதித்துக் கிடக்கும், நடுச் சுற்றுகள் சாதுவாக இருக்கும்.

என்னுடைய முதல் தப்பு

இதுவரை வந்ததை வைத்து முதல் காயிலைச் சுற்றினேன். காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒரே அதிர்வெண்ணில் ஊசலாடுவதுதான் ஒத்திசைவு. 100 கிலோஹெர்ட்ஸில் 15.4 மைக்ரோ ஹென்றியோடு ஒத்திசைய 164 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் வேண்டும், 150ஐயும் 15ஐயும் இணையாகப் போட்டால் 165. மேசையில் அலைக்காட்டி 99.8 கிலோஹெர்ட்ஸ் காட்டியது. ரொம்பச் சந்தோஷம். லைட்டுக்குள் வைத்து மூடினேன். சார்ஜ் ஏறவில்லை, கொஞ்ச நேரத்தில் உறை கைக்குச் சுட்டது.

பிரித்துப் பார்த்தால் காயிலில் குறையே இல்லை. அதன் முதுகுக்குப் பின்னால் மூன்று மி.மீ. தள்ளி லைட்டின் பேட்டரி, 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல், படுத்திருக்கிறது. அந்தச் செல்லின் உடம்பு இரும்புக் குப்பி. செல்லோடு சேர்த்து அளந்தபோது இண்டக்டன்ஸ் 12.3க்கு இறங்கிவிட்டது, ஒத்திசைவு 112 கிலோஹெர்ட்ஸுக்கு ஓடிவிட்டது, மின்தடை ஒரு ஓமைத் தாண்டிவிட்டது. பலகைக் காயில் அனுப்பியதில் பெரும் பங்கு பேட்டரித் தோலைச் சுட வைப்பதற்கே போயிருக்கிறது. சாதாரண லித்தியம் செல்லை 45 பாகை செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. தற்செயலாக உறையைத் தொட்டதால் தெரிந்தது, இல்லையென்றால் அது மூடிய பெட்டிக்குள் விடிய விடிய வெந்திருக்கும்.

ஆகவே ஃபெம் படத்துக்குத் திரும்பிப் போய், காயிலின் பின்னால் செல்லையும் வரையுங்கள். படுத்திருக்கும் உருளையை ஆக்ஸிசிமெட்ரிக்கில் வரைய முடியாது, அதனால் 20 மி.மீ. ஆரமும் 0.3 மி.மீ. தடிமனும் உள்ள ஓர் இரும்புத் தட்டாக நான் வரைந்தேன், காந்த உட்புகுதிறன் 100 என்று வைத்து. தட்டுக்குள் மெஷ் இன்னும் பொடியாக வேண்டும், இரும்பில் தோல் ஆழம் ஒரு மி.மீட்டரில் பதினைந்தில் ஒரு பங்குதான். நிஜச் செல் காயில் முழுவதையும் மறைப்பதில்லை, தட்டு மறைக்கிறது, எனவே படம் நிஜத்தைவிட மோசமாகக் காட்டும். இண்டக்டன்ஸ் 11க்குப் பக்கத்தில், மின்தடை இரண்டு ஓமுக்கு மேல். மோசமாகக் காட்டுவது நல்லதுதான், அதைச் சமாளித்தால் நிஜத்தையும் சமாளித்துவிடலாம். உருளையை உள்ளபடியே பார்த்தாக வேண்டும் என்றால் ஃப்ரீகேடில் வரைந்து எல்மர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் ஓட்டலாம். கற்றுக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும், எனக்குத் தட்டே போதுமாக இருந்தது.

தீர்வு ஃபெரைட் தகடு. காயிலுக்கும் செல்லுக்கும் நடுவில் ஒரு மி.மீ. தடிமன் தகடு வைத்தால் காந்தக் கோடுகள் இரும்பைத் தொடாமல் தகடு வழியாகவே திரும்பிவிடும். ஃபெம்மில் உட்புகுதிறன் சில நூறு, கடத்துதிறன் சுழியம் என்று ஒரு புதுப் பொருள் உருவாக்கி, காயிலுக்குப் பின்னால் ஒரு மி.மீ. தள்ளி அதே 40 மி.மீ. விட்டத்தில் ஒரு செவ்வகம். மறுபடி ஓட்டினால் புலக்கோடுகள் தகட்டுக்குள் மடங்கி ஓடுவது தெரியும், இரும்புத் தட்டைச் சேர்த்தாலும் எடுத்தாலும் விடை அதிகம் மாறாது. அந்த மாறாமைதான் நமக்கு வேண்டியது. இண்டக்டன்ஸ் 25 மைக்ரோ ஹென்றிக்கு ஏறியது, அதற்கு 100 நானோ ஃபாரட் ஒன்றே போதும், ஒத்திசைவு 100.7. இரண்டு கெப்பாசிட்டர் ஒன்றாகச் சுருங்கியது கொசுறு.

கெப்பாசிட்டர் விஷயத்தில் ஒரு வார்த்தை. பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் போடுங்கள். மலிவான செராமிக் வகைகள் மின்னழுத்தம் ஏறினால் மதிப்பு இறங்கும், ஒத்திசைவும் கூடவே ஓடும்.

இரண்டாவது காயில், இடைவெளி

சார்ஜர் பலகைக் காயிலையும் இதே அளவில், அதற்கும் ஒரு ஃபெரைட்டோடு, 6 மி.மீ. எதிரே வரையுங்கள். அதற்கு வேறொரு சர்க்யூட் பெயர், மின்னோட்டம் சுழியம். முதல் காயிலில் 1 ஆம்பியர் ஓட்டினால் இரண்டாவதில் தெரிகிற பாயத் தொடர்பு (ஃப்ளக்ஸ் லிங்கேஜ்) எவ்வளவோ அதுவே பரஸ்பர இண்டக்டன்ஸ். அதைக் காயிலின் இண்டக்டன்ஸால் வகுத்தால் இணைப்புக் கெழு, அதாவது ஒரு காயிலின் புலத்தில் எவ்வளவு பங்கு மற்றதைத் தொடுகிறது என்பது. ஃபெரைட் இல்லாமல் 6 மி.மீட்டருக்கு ஏறத்தாழ 0.5 வரும், 10 மி.மீட்டருக்கு 0.3. ஃபெரைட்டோடு 6 மி.மீட்டருக்கு 0.6க்குப் பக்கம். இடைவெளியை 4, 6, 8, 10 என்று மாற்றி நாலு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு இவைதான் சரக்கு. பக்கவாட்டில் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஃபெம் சொல்லாது, சமச்சீர் போய்விடுகிறதே. அதற்காக நான் உறையிலேயே ஒரு பள்ளம் வைத்துவிட்டேன், லைட் அதில் மட்டும்தான் உட்காரும்.

எல்டிஸ்பைஸில் ஓட்டுவது

வேலை செய்யும் நிலையை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக எழுந்துவிடக் கூடாது. நிஜத்தில் பொருள் எரிவது வேறு நிலையில்.

சர்க்யூட் எளிது. 100 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை மூலம், தொடராக ஒரு கெப்பாசிட்டர், எல்1 என்ற காயில். மறுபக்கம் எல்2, தொடராகக் கெப்பாசிட்டர், சுமையாக 10 ஓம். கே1 எல்1 எல்2 0.6 என்று ஒரு கட்டளை வரி, ஆங்கில எழுத்தில். இரண்டு காயிலுக்கும் தொடர் மின்தடை 0.3 என்று மறக்காமல் கொடுங்கள், கொடுக்காவிட்டால் எல்டிஸ்பைஸ் இழப்பே இல்லாத காயில் என்று வைத்துக்கொண்டு சொர்க்கலோகத்து விடை ஒன்று தரும்.

முதல் ஆச்சரியம் இங்கே. ஃபெரைட் இல்லாத காயில்களுக்கு, இணைப்பு 0.5, அரைப்பாலம் (மாறி மாறித் திறக்கும் இரண்டு மாஸ்ஃபெட் சுவிட்ச்) ஓட்டும் மூலம் 5 வோல்ட் என்றால் சுமார் 1.7 வாட் மறுபக்கம் போகிறது. ஃபெரைட் போட்டு இணைப்பை 0.6 ஆக்கினால் கூடத்தானே வேண்டும்? அரை வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் தொடர் கெப்பாசிட்டர் வைத்தால், மறுபக்கச் சுமை இந்தப் பக்கம் ஒரு மின்தடையாகத் தெரியும், அதன் அளவு பரஸ்பர இண்டக்டன்ஸின் வர்க்கத்தோடு ஏறும். இணைப்பு பலமாக ஆக, மூலத்துக்கு எதிரே நிற்கும் தடையும் பெரிதாகிறது, மின்னோட்டம் குறைகிறது. எனக்கு இது ஒருவகையில் வசதியாகப் போயிற்று. மூலத்தை 12 வோல்ட் ஆக்கினால் ஏறத்தாழ மூன்று வாட் வருகிறது, படகில் 12 வோல்ட் பேட்டரிதான் இருக்கிறது. நடுவில் வோல்ட்டேஜ் இறக்கும் போர்டு ஒன்று மிச்சம்.

இப்போது லைட்டைப் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். எல்டிஸ்பைஸில் கே மதிப்பை 0.01 ஆக்குவதுதான் அது. மூலத்துக்கு எதிரே தடையாகத் தெரிந்த சுமார் ஒன்பது ஓம் காணாமல் போகும், காயிலின் 0.3 ஓம் மட்டும் மிஞ்சும். ஒரு ஆம்பியருக்கும் குறைவாக ஓடியது 25 ஆம்பியர் உச்சத்துக்குப் பாயும். மாஸ்ஃபெட் புகைந்துவிடும். சுமை இல்லாவிட்டால் சும்மா இருக்கும் என்று நம் மனசு சொல்லும், இந்த அமைப்பு நேர்மாறு. லைட்டை எடுத்ததும் அதன் ஃபெரைட்டும் விலகி ஒத்திசைவு சற்றே நகரும், மின்னோட்டம் கொஞ்சம் குறையலாம், அதை நம்பிக்கொண்டு காவல் இல்லாமல் விடக் கூடாது. நான் லைட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் காந்தம், பலகையில் ஒரு ரீட் ஸ்விட்ச் வைத்தேன், லைட் உட்கார்ந்தால் மட்டும் மூலம் ஓடும். காந்தத்தை ஃபெரைட்டை விட்டு நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும், பக்கத்தில் வைத்தால் ஃபெரைட் நிரம்பிப் போய்த் தன் வேலையைச் செய்யாது. அதற்கும் மேலே மின்னோட்டம் மூன்று ஆம்பியர் தாண்டினால் நிறுத்தும் ஒரு காவல். பலகைமேல் மீன் கத்தியோ தூண்டில் முள் டப்பாவோ கிடந்தால் அதுவும் சூடாகும், படகில் கிடக்கத்தான் செய்யும்.

இணைப்பை 0.7, 0.6, 0.5, 0.3, 0.01 என்று ஐந்து நிலைக்கும், சுமையை 10 ஓம், 50 ஓம் என்று இரண்டு நிலைக்கும் ஓட்டி, ஒவ்வொன்றிலும் கெப்பாசிட்டரின் உச்ச மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கெப்பாசிட்டர் வாங்கும்போது அந்த எண் கையில் இருக்கட்டும். பேட்டரி நிறைந்தபின் சுமை இலேசாகிவிடும், 50 ஓம் நிலை அதற்காக.

சுற்றுவது

தட்டைச் சுருள் கையில் நிற்காது, இரண்டு அக்ரிலிக் வட்டுக்கு நடுவில் சுற்ற வேண்டும். நடுவில் 20 மி.மீ. விட்டமும் 0.55 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு வில்லை. ஓப்பன்ஸ்கேடில் இதை வரைய நாலு வரி போதும், முப்பரிமாண அச்சு எந்திரம் இல்லாதவர்கள் பழைய சிடியையும் ஏடிஎம் அட்டையையும் வெட்டிக்கொள்ளலாம். ஏடிஎம் அட்டை 0.76 மி.மீ., கொஞ்சம் தடிமன்தான். கம்பி ஒன்றின்மேல் ஒன்று ஏறப் பார்க்கும், இழுப்பை விடாமல் சுற்றினால் ஏறாது. ஒவ்வொரு ஐந்து சுற்றுக்கும் ஒரு சொட்டு உடனொட்டிப் பசை. வட்டின் உள்பக்கம் முன்கூட்டியே கொஞ்சம் மெழுகு தேய்த்து வையுங்கள், இல்லையென்றால் காயிலும் வட்டும் ஒரே உடம்பாகிவிடும்.

உள் முனையை வெளியே கொண்டுவரச் சுருளைக் குறுக்கே கடந்தாக வேண்டும், அந்த இடத்தில் ஒரு கம்பி மொத்தம் எழும்பி நிற்கும். ஃபெரைட் பக்கம் கடத்துங்கள், அங்கே நாம் விட்ட ஒரு மி.மீ. இடம் இருக்கிறது. எனாமலை முழுக்கச் சுரண்டாமல் பற்றவைப்பதுதான் புதுசாகச் செய்பவர்கள் எல்லோரும் மாட்டுகிற இடம். ஈயம் பளபளவென்று ஒட்டியிருக்கும், உள்ளே தொடர்பு இருக்காது.

பிசிபியிலேயே, அதாவது சர்க்யூட் அட்டையிலேயே, செம்புத் தடமாகக் காயில் போடலாமே என்பார்கள், கீகேட் (KiCad) என்ற அட்டை வரையும் மென்பொருளில் வரையலாம்தான். தடத்தின் தடிமன் வழக்கமாக 35 மைக்ரான், மின்தடை பல மடங்கு. சென்சாருக்குச் சரி, சார்ஜருக்குக் கம்பிதான்.

அளப்பது

மலிவான இண்டக்டன்ஸ் மீட்டர்கள் பல ஒரு கிலோஹெர்ட்ஸிலோ அதற்குக் கீழோ அளப்பவை, இரும்பும் ஃபெரைட்டும் பக்கத்தில் இருக்கும்போது அந்த எண் நமக்கு உதவாது. அலை உருவாக்கியும் அலைக்காட்டியும் இருந்தால் மதிப்பு நன்றாகத் தெரிந்த ஒரு கெப்பாசிட்டரைக் காயிலுக்கு இணையாகப் போட்டு, ஒரு பத்து கிலோ ஓம் வழியாக அலை கொடுத்து, மின்னழுத்தம் உச்சிக்கு வரும் அதிர்வெண்ணைத் தேடுங்கள். 10 நானோ ஃபாரட் போட்டு 405 கிலோஹெர்ட்ஸில் உச்சி வந்தால் 15.4 மைக்ரோ ஹென்றி. ஃபெரைட்டோடு உள்ள காயிலுக்கு 100 நானோ ஃபாரட் போட்டு 100 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே தேடுங்கள், அது ஓடப் போகிற இடத்திலேயே அளந்த மாதிரி ஆகும்.

மூன்று தடவை அளக்க வேண்டும். வெறும் காயில், ஃபெரைட் ஒட்டியபின், செல்லோடும் மற்றச் சாமான்களோடும் உறைக்குள் வைத்தபின். மூன்றையும் ஃபெம்மின் மூன்று படங்களோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வெறும் காயில் ஒத்துப்போய் ஃபெரைட் எண் ஒத்துப்போகவில்லை என்றால் தகட்டுக்கும் காயிலுக்கும் உள்ள இடைவெளியைத் தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள், பெரும்பாலும் இரட்டைப் பக்க டேப்பின் தடிமன்தான் குற்றவாளி. படத்தில் அந்த இடைவெளியை அளந்த எண்ணுக்கு வருகிற மாதிரி மாற்றி வைத்துக்கொண்டால், அடுத்த லைட்டுக்கு அந்தப் படத்தை நம்பலாம்.

உப்புத் தண்ணீர்

கடல் தண்ணீர் மின்சாரம் கடத்துமே, நனைந்த லைட் சார்ஜ் ஏறுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏறும். கடல் தண்ணீரின் கடத்துதிறன் மீட்டருக்கு சுமார் 5 சீமென்ஸ், செம்புக்கு ஐந்து கோடியே எண்பது லட்சம். 100 கிலோஹெர்ட்ஸில் கடல் தண்ணீரின் தோல் ஆழம் 70 சென்டிமீட்டர், நம் இடைவெளியோ ஆறு மில்லிமீட்டர். உறைமேல் படிந்த ஈரத்தைக் காந்தப்புலம் பொருட்படுத்தாது. ஃபெம்மில் ஒரு மி.மீ. உப்புத் தண்ணீர் அடுக்கை வரைந்தும் பார்த்தேன், எண்ணில் அசைவே இல்லை.

தண்ணீர் கம்பிகளுக்கு நடுவில் புகுவதுதான் ஆபத்து. எனாமலில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும், அந்த இடத்தில் களிம்பு ஏறிக் கம்பி அறுந்துவிடும். அதனால் காயில், ஃபெரைட், கெப்பாசிட்டர் மூன்றையும் எப்பாக்ஸியில் முழுக்கிவிடுங்கள். சிலிக்கான் பசை போடுவதென்றால் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். காடி வாடை அடிக்கிற வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், செம்பை அதுவே அரித்துவிடும். வாடையில்லாத நியூட்ரல் வகை கேளுங்கள். எப்பாக்ஸி ஊற்றிய பிறகு நாலாவது தடவையாக ஒருமுறை அளந்துகொள்ளுங்கள், எனக்கு ஒரு காயிலில் எப்பாக்ஸி இறுகும்போது ஃபெரைட் விரிசல் விட்டு இண்டக்டன்ஸ் இரண்டு மைக்ரோ ஹென்றி இறங்கியிருந்தது. இப்போதெல்லாம் ஃபெரைட்டின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுத்தான் ஊற்றுகிறேன்.

மூடிய லைட்டை ஒரு வாளிக் கடல் தண்ணீரில் கல் கட்டி இரண்டு நாள் போட்டு வைத்தேன். எடுத்துத் துடைக்காமலே பலகையில் வைத்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணனிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தார்.

"எங்க தம்பி சொருவுறது?"

"சொருவ வேண்டாம்ணே. இந்தப் பள்ளத்துல வச்சாப் போதும்."

"வச்சா மட்டும்?"

பலகையோடு வாங்கிக்கொண்டு போனார். போகும்போதே அவருடைய தம்பிக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த லைட்டின் உறை வேறு, காயில் 36 மி.மீட்டருக்கு மேல் போகாது. உள் ஆரம் 8, வெளி ஆரம் 18, அதே 20 சுற்று. வீலர் 12 சொச்சம் என்கிறார். ஃபெம் படத்தை இப்போதுதான் திறந்திருக்கிறேன், இந்தத் தடவை செல்லை வரைந்த பிறகுதான் காயிலை வரைவேன்.